மலையேறிய விளக்கு

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் நலம். இந்த முறையாவது கப்பலில் உனக்குத் தூக்கம் வருகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று மறக்காமல் எழுது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாசலுக்குப் போய், காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பல்கூடத் துலக்கவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து தையல்காரர், "என்னம்மா, பூனையா?" என்றார். "ஆமா, குட்டி போட்டிருக்கான்னு பார்க்கிறேன்" என்றேன். எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தேன் என எப்படிச் சொல்வது. சொட்டவில்லை.

ஆம், கார் வாங்கிவிட்டோம். பழைய கார்தான். வெள்ளை என்று சொல்லி விற்றார்கள், எனக்கு நனைந்த சுண்ணாம்பு மாதிரி தெரிகிறது. நீ இருந்து பார்த்து வாங்கலாம் என்று சொன்னதும், உன் அத்தான் "கப்பல்ல எண்ணெய் துடைக்கிறவன்கிட்ட நான் கார் பாடம் கேக்கணுமா" என்றதும், நீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை. அதனால் வீட்டுக்கு எழுதாதே, நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கே எழுது. நான் உன் கம்பெனிக்கு அனுப்புகிறேன், அவர்கள் எந்தத் துறைமுகத்தில் உன்னைப் பிடிக்கிறார்களோ பிடிக்கட்டும்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இருபது வருடமாக ஸ்கூட்டரில், முழங்கால்களுக்கு நடுவே டைல்ஸ் சாம்பிள் பெட்டியை இடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போய் வந்தவர். இப்போது அந்தப் பெட்டிகள் முன் சீட்டில் உட்கார்ந்து போகின்றன. அதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

ஒரே ஒரு விஷயம். நான்கு நாளாக வண்டியின் மீட்டர் பலகையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் படம் எரிகிறது. இன்ஜின் படமாம். உன் அத்தான் ஹெலிகாப்டர் என்கிறார். உன் மருமகள் வாயாடி பார்த்ததுமே "ஐயோ, வாத்து" என்றாள். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "வாத்து எரியுதா?" "எரியுது." "எரிஞ்சா என்ன, முட்டையா போடப்போகுது?" என்று அவர் கிண்டல் செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இன்ஜின் அறையில் நாற்பத்தைந்து டிகிரி வெயில், வெயிலே இல்லாமல். வேகிறேன், ஆனால் நலமாக வேகிறேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வாத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்திலிருந்த சமையல்காரர், "என்னப்பா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். வாயாடிக்கு ஒரு கொட்டு வைத்ததாகச் சொல்.

அந்த விளக்குக்கு நூறு காரணம் இருக்கும். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் எரியும், புகைக் குழாயில் கோளாறு என்றாலும் எரியும். ஆகவே பயப்படவும் வேண்டாம், பயப்படாமல் இருக்கவும் வேண்டாம். மெக்கானிக்கிடம் காட்டி, என்ன காரணம் என்று கேட்கச் சொல். விளக்கு போய்விட்டதா என்பது கேள்வி இல்லை, ஏன் எரிந்தது என்பதுதான் கேள்வி.

எங்கள் அலாரப் பலகையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மணி ஓய்ந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். மணி ஓய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. போன வருடம் ஒருவன் போனான். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

நான் சொன்னதாக அத்தானிடம் சொல்லாதே. சொன்னால் அந்த ஒரு காரணத்துக்காகவே செய்யமாட்டார்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக வேகிறாய் என்று அறிந்தேன். நாங்கள் வேகாமலே நலம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டார். ஏதோ ஒரு கருவியை வயரில் மாட்டி அழுத்தினார்களாம், விளக்கு மலையேறிவிட்டது. நான் இப்படிச் சொன்னால் கடையில் பெண்கள் சிரிக்கிறார்கள். நம் அம்மா "விளக்கு அணைஞ்சுது" என்று சொல்லவே விடமாட்டாளே. கரண்ட் போனாலும் மலையேறிவிட்டது, டார்ச் பாட்டரி தீர்ந்தாலும் மலையேறிவிட்டது. உனக்கும் எனக்கும் நாக்கில் அதுவே படிந்துவிட்டது.

"என்ன கோளாறாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லையாம்."

"ஒண்ணுமில்லாததுக்கா எரிஞ்சுது?"

"உனக்கு விளக்கு எரிஞ்சாலும் கேள்வி, எரியாட்டியும் கேள்வி."

நாலாம் நாள் வாத்து திரும்பி வந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் ஷூ மாட்டும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை கேட்டேன். போன வாரம் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்றார். "அந்த விளக்கு மலையேறினாத்தான் எனக்கு நிம்மதி" என்றேன். அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். மறுநாள் மறுபடி வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். நேற்று முதல் விளக்கு இல்லை.

கடையில் ஒரு வேடிக்கை. லாரி டிரைவர் ஒருவர், லைசென்சுக்குக் கண் சான்றிதழ் வேண்டும் என்று வந்தார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தண்ணீர் மாதிரி படித்தார். எனக்கு என்னவோ தோன்றி, பலகையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினேன். வேறு எழுத்துகள். அவர் முதல் பக்கத்தையே மறுபடி ஒப்பித்தார். வெளியே வரிசையில் நிற்கும்போது காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார், பாவம். சான்றிதழ் தரமுடியாது என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைத் துடைத்தேன்.

கல்லூரி திறந்துவிட்டது. வாயாடி இப்போது அப்பாவுடன் காரில்தான் போகிறாள். முன் சீட்டில் டைல்ஸ் பெட்டிகள், மகாராணி பின் சீட்டில். முக்கால் மணி நேரப் பயணம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. கடலில் இருப்பாய். நலமாகவே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம்.

வாத்து பறந்தே போய்விட்டது. முன்பெல்லாம் சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளோடும் சேர்ந்து அதுவும் ஒரு கணம் தலைகாட்டும். இப்போது அதுகூட இல்லை. மூன்று வாரமாக வீட்டில் அமைதி. நான் கேட்பதும் இல்லை, அவர் முகம் சுளிப்பதும் இல்லை. ஒரு சின்ன விளக்கு எத்தனை பேச்சை எரித்துக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

வாயாடிக்குத்தான் கொஞ்சம் தலைவலி. கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது நெற்றி இரண்டு பக்கமும் தெறிக்கிறதாம், மதியத்துக்குள் சரியாகிவிடுகிறதாம். திரும்ப வரும்போது அவள் பஸ்ஸில் வருகிறாள், அப்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் கடைக்கு வரவழைத்து நானே சோதித்தேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் கால். அவ்வளவு குறைந்த பவருக்குத் தலைவலி வருமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் வராது என்றிருப்பேன். சொந்த மகள் என்றால் கால் பவரும் பெரிதாகத் தெரிகிறது. நல்ல சட்டமாக எடுத்துக் கண்ணாடி போட்டுவிட்டேன். அழகாக இருக்கிறாள். "மாமா பார்த்தா லைப்ரரியன் மாதிரி இருக்கேன்னு சொல்வாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி வருவதில்லை. "படிப்புக்குப் பயந்து வர்ற தலைவலி, லீவு நாள்ல அதுவும் லீவு" என்கிறார் உன் அத்தான். அவர் முன் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ராஜா மாதிரி ஓட்டுகிறார். பின் கண்ணாடிகளைத் தூசிக்காக மூடி வைத்திருப்பார். வாயாடி ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறாளாம். வழியெல்லாம் பேசித் தலையைத் தின்னும் பெண், இப்போது வாயே திறப்பதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. வயசு மாறுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

பதில் போடு.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

முந்தாநாள் வாயாடிக்குக் கொஞ்சம் மயக்கம். பெரிதாக ஒன்றுமில்லை, அதனால் நீ கவலைப்படாதே. கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் ஹாரன் அடித்திருக்கிறார். அவள் இறங்கவில்லை. வாட்ச்மேன் வந்து கதவைத் திறந்து, "பொண்ணு தூங்குது சார்" என்றாராம். இரண்டு பேரும் தோளைப் பிடித்து உலுக்கியும் எழுந்திருக்கவில்லை. தூக்கி மரத்தடியில் உட்கார வைத்த பிறகுதான் கண் திறந்தாளாம். உடனே வாந்தி. பக்கத்து ஆஸ்பத்திரியில் நாடி பார்த்துவிட்டு, "வெறும் வயித்தோட வந்திருப்பா" என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதான், காலையில் இரண்டு துண்டு ரொட்டியை வைத்து ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் என்னிடம் சொன்னது மட்டும் மனதில் கிடக்கிறது. "அப்பா கூப்பிட்டது கேட்டுச்சும்மா. பதில் சொல்லணும்னும் தோணுச்சு. ஆனா அவர் ரொம்ப தூரத்துல இருந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. பயந்துவிட்டார். பயந்தால் அவருக்குக் கோபம்தான் வரும், உனக்குத் தெரியுமே. "பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு அனுப்பத் தெரியாதா உனக்கு" என்றார்.  இப்போது எழுப்பி, உட்கார்த்தி, ஊட்டியே விடுகிறேன்.

கண்ணாடியின் பவரை ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 26

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் ஜூலை மாதக் கடிதங்கள் இரண்டும் இன்றுதான் ஒன்றாகக் கிடைத்தன.

வாயாடியை அந்த வண்டியில் ஏற்றாதே. காரணத்தைப் பிறகு படி, முதலில் இதைச் செய்.

சாவியைத் திருப்பும்போது எல்லா விளக்கும் ஒரு கணம் எரியவேண்டும். அது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று விளக்கு சொல்வது. அந்த ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் கோளாறு போகவில்லை, விளக்கைத்தான் யாரோ எடுத்துவிட்டார்கள். நீயே சோதித்துப் பார். சாவியைப் பாதி திருப்பு, இன்ஜினை எழுப்பாதே.

புகைக் குழாயில் விரிசல் இருந்தாலும் அந்த விளக்கு எரியும். பின் சீட்டில் மூடிய கண்ணாடிக்குள் தூக்கம், தலைவலி, இறங்கினால் சரியாவது, ஞாயிற்றுக்கிழமை இல்லாதது. அக்கா, இது கண் இல்லை. புகை உள்ளே வருகிறது. அந்தப் புகைக்கு வாசனை தெரியாது, நிறம் தெரியாது. போன வருடம் டீ குடிக்கப் போனவனைப் பற்றி எழுதினேனே. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். அவன் மணியை நிறுத்திவிட்டுப் போனபோது கீழே அறையில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்கு மேல் படுக்கைக்காரன்.

உடனே துறைமுகத்தில் இறங்கிப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, உன் கடையில் யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குச் செய்தேன். அத்தான் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. கடைசியில் "ஆச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார்தானே?

இன்னும் ஒரு மணி நேரத்தில் கப்பல் கிளம்புகிறது. அடுத்த கரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இதை விரைவுத் தபாலில் போடச் சொல்லி ஏஜெண்ட் கையில் கொடுக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். ஜூனுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் மேல் வருத்தமா, அல்லது கம்பெனிக்காரர்கள் கடிதத்தை மீனுக்குப் போடுகிறார்களா?

வாயாடிக்குத் தேவலை. தலைவலி இருக்கிறது, ஆனால் முன்போல இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள், "இது சும்மாம்மா" என்கிறாள்.

ஒரு மாற்றத்தைச் சொல்லவேண்டும். பத்து நாளாக உன் அத்தானிடம் ஒரு தனி அக்கறை. ஏறும்போதே பின் கண்ணாடிகள் இரண்டையும் தானே இறக்கிவிடுகிறாராம். மழை ஆரம்பித்துவிட்டது, சாரல் அடித்துப் புத்தகமெல்லாம் நனைகிறது. "ஏத்தி விடட்டுமாப்பா?" என்று கேட்டால் "காத்து வரட்டும்" என்கிறாராம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, "முழிச்சிருக்கியா?" என்று கேட்கிறாராம். "ஏன்ப்பா, நான் என்ன காவலுக்கா வந்திருக்கேன்?" என்று இவள் கேட்டாளாம். அவர் சிரிக்கவில்லையாம்.

மயங்கி விழுந்தது அவரை உலுக்கிவிட்டது என்று நினைத்தேன். இருபது வருடத்தில் நான் பார்க்காத மென்மை. அதை ரசித்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நேற்று அவர் குளிக்கும்போது, சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். வலது தோள் மட்டுமில்லை, முதுகு, காலர் எல்லாம் மழையில் ஊறியிருந்தது. காரில் போய் வருகிற மனிதர் ஏன் இப்படி நனைகிறார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டுத்தானே அந்த விளக்குச் சண்டை வந்தது.

எழுது.

அக்கா


செப்டம்பர் 20

தம்பி,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இத்தனை நாள் ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதினேன்.

உன் ஆகஸ்ட் கடிதம் முந்தாநாள் கடைக்கு வந்தது. வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சோதனை அறை இருட்டில் டார்ச் வைத்துப் படித்தேன். நேற்று வாயாடிக்குக் காய்ச்சல் என்று சொல்லி, நானே அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தேன். பாதி திருப்பினேன். பாட்டரி எரிந்தது, எண்ணெய் விளக்கு எரிந்தது, கைப்பிரேக் எரிந்தது. வாத்து இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. ஐந்து முறை திருப்பிப் பார்த்தேன். ஐந்து முறையும் எனக்குப் பலகையை ஒப்பித்த அந்த லாரி டிரைவர்தான் ஞாபகம்.

உன் அத்தான் இன்று கம்பெனி வேனில் வெளியூர் போயிருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. மெக்கானிக்கையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"சார்தாம்மா சொன்னாரு. வீட்ல அம்மா பயப்படுறாங்க, விளக்கு மலையேறினா போதும்னு சொல்றாங்க, அதை மட்டும் பண்ணிக் குடுன்னு. எனக்கு முதல்ல புரியவே இல்ல, என்ன சார் மலைன்னு கேட்டேன். மீட்டரைக் கழட்டி பல்பை எடுத்துட்டேன்."

"கோளாறு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. முன்பக்கம் புகைக் குழாய்ல விரிசல். மொத நாளே மாத்தணும்னு சொன்னேன். பாக்கலாம்னாரு. புகை வெளியதானே போகும்னு நானும் விட்டுட்டேன்."

பின் சீட்டைத் தூக்கச் சொன்னேன். விரிப்பை விலக்கினார். தரைத் தகட்டில் ரப்பர் மூடி இருக்கவேண்டிய இடத்தில், கை நுழைகிற அளவு ஓட்டை. அதன் வழியாக எங்கள் வாசல் சிமெண்ட் தெரிந்தது. அவர் அதில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பா இங்கதான் உக்காருமா?" என்றார். 

பல்பை மெக்கானிக் தன் சட்டைப்பை டப்பாவில் வைத்திருந்தார். கேட்டு வாங்கிக்கொண்டேன். கொத்துமல்லி விதையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இப்போது என் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது.

என் வாயில் வந்த வார்த்தை, தம்பி. கோளாறு போகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. விளக்கு போனால் போதும் என்றுதான் கேட்டேன். அவர் அதைச் செய்து கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அவர் வந்ததும், "நாளையிலிருந்து அவ ஃப்ரெண்ட்ஸோட பஸ்ல போறேங்கிறா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் வாக்கியம் முடிவதற்குள் "சரி" என்றார். நீ போன் செய்த விஷயத்தை அவர் சொல்வார் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். "மழை நிக்காது போல" என்றார்.

அக்கா


அக்டோபர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். வாயாடி பஸ்ஸில் போகிறாள் என்று படித்த பிறகுதான் கடிதத்தின் மற்ற வரிகள் கண்ணில் பட்டன. ஒன்றரை மாதமாக மேல் படுக்கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நான் இன்னொரு தடவை போன் செய்திருக்கவேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரருக்காவது செய்திருக்கவேண்டும். அத்தான் "ஆச்சா?" என்று கேட்ட விதத்தில் ரோஷப்பட்டு நானும் ரிசீவரை வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் இருந்தது, அக்கா. அதில் அரை மணி நேரம் கோபமாக நடந்துகொண்டிருந்தேன்.

அவர் கண்ணாடியை இறக்கியது நான் சொன்ன அன்றிலிருந்து. நீ கணக்குப் போட்டிருப்பாய். நம்பியிருக்கிறார். நம்பிவிட்டு அவளை அதே சீட்டில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார். இதற்கு மேல் அவரைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, நீ அந்த வீட்டில் இருக்கிறாய்.

குழாயை மாற்றி, ஓட்டையை அடைக்கும்வரை அவரும் அந்த வண்டியில் போகக்கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள். பல்பைப் பத்திரமாக வை.

தம்பி


அக்டோபர் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாயாடி நன்றாக இருக்கிறாள். பஸ்ஸில் யாருடைய ஜடையை யார் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள் என்பதுவரை தினமும் ஒரு மணி நேரம் சொல்கிறாள். அவள் பேசும்போது நடுவில் நிறுத்தாமல் கேட்கிறேன்.

போன வாரம் அவரிடம் நேராகவே சொன்னேன். மெக்கானிக் வந்ததை, ஓட்டையை, எல்லாவற்றையும். உன் பெயரை எடுக்கவில்லை. அவர் வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் மட்டும்தானே போறேன், கண்ணாடியைத் தொறந்து வெச்சுப் போறேன்" என்றார். பிறகு, "நமக்கு ராசியில்லாத வண்டி. குடுத்துடலாம்" என்றார். சரிசெய்துவிட்டுக் கொடுக்கலாம் என்றேன். "விக்கப்போற வண்டிக்கு யாராவது குழாய் மாத்துவாங்களா?" என்றார். மிகச் சாதாரணமாக, டைல்ஸில் கீறல் இருக்கும் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது மாதிரி.

நேற்று வாங்குகிறவர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து நேராக வந்த முகம். கணவர் கம்பவுண்டர், அதிகம் பேசவில்லை. இரண்டு பையன்கள், ஐந்து வயதும் மூன்று வயதும். பெரியவர்கள் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே சின்னவன் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி, குதித்து, "இது எங்க எடமா?" என்று கேட்டான். அண்ணன்காரன் "ஜன்னல் பக்கம் எனக்கு" என்றான். இரண்டு பேருக்கும் நடுவில், விரிப்புக்கு அடியில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நர்ஸ் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். விளக்குகள் ஒரு கணம் எரிந்து மலையேறின. எது எரியவில்லை என்பதை யார் பார்ப்பார்கள். இல்லாததைப் பார்க்க யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லையே.

அவள் இறங்கி என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. வண்டில ஏதாவது தொந்தரவு உண்டா? ஆம்பளைங்க நல்லாத்தான் இருக்குன்னு சொல்வாங்க."

என் கையில் டீ டம்ளர் தட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே, "இந்த வண்டில ஒரு விளக்கு எரிஞ்சு நீங்க பார்க்க முடியாதும்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே போய்விட்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்றே எழுதுகிறேன். குழாயைத் திறந்துவிட்டு, டம்ளர்கள் கழுவி முடிந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போகிறார்கள்.

அவர் கெட்டவர் இல்லை என்று இன்னமும் எனக்குள் ஒருத்தி சொல்கிறாள். அவள் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டேன். ஆச்சா என்று மட்டும் கேட்டேன்.

இன்று வியாழன். சனிக்கிழமை அவருக்குக் கம்பெனிக் கூட்டம், வேனில் போகிறார், வண்டி வாசலில் நிற்கும். அன்று காலை மெக்கானிக்கைக் கூட்டி வந்து மீட்டரைக் கழற்றி, பல்பை அதன் இடத்தில் வைக்கச் சொல்லப்போகிறேன். மெக்கானிக்குக்கே இன்னும் தெரியாது. வாயாடியிடமும் சொல்லவில்லை. உனக்கு இது கிடைக்கும்போது ஞாயிறு முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும், அதனால் உன்னிடமும் சொன்னதாக ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் சாவியைத் திருப்புவாள். இன்ஜின் ஓட ஆரம்பிக்கும், மற்ற விளக்குகள் போகும், வாத்து போகாது. அவர் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். அப்போது நான் தட்டு எதுவும் கையில் இல்லாமல் நிற்பேன். பையன்களை இறங்கச் சொல்லி, பின் சீட்டைத் தூக்கி விரிப்பை விலக்கிக் காட்டுவேன். எப்படித் தூக்குவது என்று பார்த்து வைத்திருக்கிறேன், இடது பக்கம் ஒரு கொக்கி.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்னென்ன மலையேறும் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கூடு தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து அறையில் அவர் ரேடியோ கேட்கிறார், "என்ன, இன்னும் எழுதிட்டிருக்கியா?" என்று குரல் கொடுக்கிறார். "கடைக் கணக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

நீ நேரத்துக்குத் தூங்கு.

அக்கா